ஏறிவரும் நேரம்: ஏஜியன் தீவுகளின் கடற்பஞ்சுக் குளிப்பும் அழுத்தநீக்க நோயும்

துருக்கியின் தென்மேற்குக் கரையை ஒட்டி ஏஜியன் கடலில் கிடக்கும் சிமி, கலிம்னோஸ், ஹால்கி ஆகிய தீவுகளில் உழுது விதைக்கத்தக்க மண் மிகக் குறைவு. பாறையும் ஆடு மேயும் புதரும் போக நிலம் தருவது அதிகமில்லை என்பதால், அங்கு வாழ்ந்த கிரேக்கர்கள் பல தலைமுறைகளாகக் கடலடியில் விளையும் பொருளை நம்பியே பிழைத்தனர். அப்பொருள் கடற்பஞ்சு. பாறையில் செடிபோல் ஒட்டி வளர்ந்தாலும் கடற்பஞ்சு ஒரு விலங்கு. நீரிலிருந்து எடுக்கும்போது கரிய தோல் போர்த்து, பால் போன்ற சாறு வடிய, நாற்றத்தோடு இருக்கும் அதனைப் படகின் தளத்தில் போட்டுக் காலால் மிதித்துச் சாற்றைப் பிழிந்து, கயிற்றில் கோத்துக் கடல்நீரில் தொங்கவிட்டுப் பலமுறை அலசி உலர்த்திய பின்னரே, உலகம் அறிந்த மஞ்சள் நிற மெல்லிய நார்க்கூடு மிஞ்சும். குளியலறைக்கும், அறுவை மருத்துவர் மேசைக்கும், குயவர் பட்டறைக்கும், பீரங்கிக் குழாயைத் துடைப்பதற்கும் அது வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் இதன் தேவை பெருகியபோது இத்தீவுகளுக்குச் செல்வம் வந்தது. சிமித் துறைமுகத்தைச் சுற்றி இன்றும் அடுக்கடுக்காக நிற்கும் அழகிய மாளிகைகள் அந்தச் செல்வத்தில் எழுந்தவை. அதே நூற்றாண்டின் பிற்பாதியில், கைத்தடி ஊன்றிக் காலை இழுத்து நடக்கும் இளைஞர்களும் அத்தெருக்களில் பெருகினர். இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே.

பழைய முறையில் கருவி என்று சொல்லத்தக்கது ஒரு கல் மட்டுமே. விளிம்பு தேய்த்து மழமழப்பாக்கிய தட்டையான கல். எடை 8 முதல் 14 கிலோ வரை இருக்கும். ஒரு முனையில் துளையிட்டுக் கயிறு கட்டப்பட்டிருக்கும். கிரேக்க மொழியில் ஸ்கண்டலோபெத்ரா எனப்படும் இக்கல்லை இரு கைகளாலும் முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டு குளிப்பவர் தலைகீழாகப் பாய்வார். கல்லைச் சாய்ப்பதாலேயே செல்லும் திசையையும் வேகத்தையும் மாற்றிக்கொள்வார். கடற்பஞ்சை அறுத்து வலைப்பைக்குள் போட்டதும் கயிற்றை அசைத்துச் சைகை காட்ட, படகில் இருக்கும் துணையாள் அவரை மேலே இழுத்துவிடுவார். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. அங்கும் கல், கயிறு, கூடை, மேலே ஒரு துணையாள் என்பவையே குளிப்பவரின் உடைமைகள். கல்லின் மேல் கால் வைத்து நின்ற வாக்கில் இறங்குவது மட்டுமே வேறுபாடு. மன்னார்ப் பார்கள் பெரும்பாலும் 10 முதல் 18 மீட்டர் ஆழத்தில் இருந்தன. ஏஜியன் குளிப்பாளர்கள் 30 மீட்டரையும் அதற்குக் கீழுள்ள ஆழத்தையும் கல்லைக் கொண்டே தொட்டனர்.

மூச்சடக்கிக் குளிப்பதற்கென்றே சில கேடுகள் உண்டு. அவற்றில் முதலாவது காதைப் பற்றியது. ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் செவிப்பறையை உள்நோக்கித் தள்ளுகிறது. தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழல் வழியே காற்றைச் செலுத்தி அதனை ஈடுசெய்யாவிட்டால் செவிப்பறை கிழிந்துவிடும். கடலில் குளிப்போரின் செவிப்பறை ஏன் வெடிக்கிறது என்னும் கேள்வி அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் பழைய வினாத் தொகுப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. 1913இல் கார்பதோஸ் தீவின் பிகாதியா விரிகுடாவில் இத்தாலியப் போர்க்கப்பலான ரெஜினா மார்கெரிட்டாவின் நங்கூரம் அறுந்து விழுந்தபோது, சிமியைச் சேர்ந்த ஹாட்சி ஸ்டாட்டி என்னும் குளிப்பாளர் கல்லைப் பிடித்துக்கொண்டு 70 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கி அதற்குக் கயிறு கட்டினார். அவரைப் பரிசோதித்த கப்பல் மருத்துவர்கள், ஒரு காதில் செவிப்பறையே இல்லை என்றும் மற்றதும் பழுதுபட்டிருந்தது என்றும் நுரையீரல் விரிந்து தளர்ந்திருந்தது என்றும் பதிவு செய்தனர். அத்தகைய ஆழத்துக்குச் சென்று திரும்பியும் அவருக்குக் கைகால் விளங்காமல் போகவில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. நுரையீரலில் அடக்கிச் சென்ற ஒரே மூச்சுக் காற்றில் உள்ள வளியின் அளவு சிறிது. அது உடலில் கரைவதற்குக் கிடைக்கும் நேரமோ ஓரிரு நிமிடம். ஆகவே கல்லோடு இறங்கியவர் மூழ்கி இறக்கலாம், சுறாவுக்கு இரையாகலாம், செவிடாகலாம்; முடமாவது அரிது. பசிபிக்கின் துவாமோத்துத் தீவுகளில், இடைவெளியின்றி மணிக்குப் பலமுறை 30 மீட்டருக்கும் கீழே முத்துச்சிப்பிக்காக மூழ்கியவர்களுக்கு மயக்கமும் வாதமும் உண்டானதும், அதனை அம்மக்கள் தரவானா என்று அழைத்ததும் உண்மையே. அது விதிவிலக்கு.

இத்தொழிலை அடியோடு மாற்றிய கருவி லண்டனிலிருந்து வந்தது. ஜெர்மனியில் பிறந்து லண்டனில் பட்டறை நடத்திய அகஸ்டஸ் சீபே 1830களின் இறுதியில், செம்புத் தலைக்கவசத்தை ரப்பர் பூசிய கித்தான் உடையோடு நீர் புகாதபடி இணைத்து, மேலிருந்து கைப் பம்பினால் குழாய் வழியே காற்றுச் செலுத்தும் முழு உடையை உருவாக்கினார். ஈயக் காலணி, மார்பிலும் முதுகிலும் ஈயக் கட்டி என எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ எடை கொண்ட இவ்வுடை, மூழ்கிய கப்பல்களை மீட்பதற்கும் துறைமுகக் கட்டுமானத்துக்கும் முதலில் பயன்பட்டது. 1860களில் அது சிமிக்கு வந்து சேர்ந்தது. ஊரார் அஞ்சியபோது, கருவியைக் கொண்டுவந்தவரின் மனைவி அதனை அணிந்து துறைமுகத்தில் இறங்கிக் காட்டினார் என்பது அத்தீவில் வழங்கும் மரபுச் செய்தி. கிரேக்கர்கள் அவ்வுடையை ஸ்காஃபாந்த்ரோ என்றனர். பேச்சு வழக்கில் வெறுமனே ‘எந்திரம்’ என்றே சொன்னார்கள். ஒரு நிமிடத்துக்குப் பதில் அரைமணி நேரம் அடித்தளத்தில் நடந்து திரியவும், கல்லால் எட்டுவதற்கு அரிதான ஆழங்களில் ஒருவரும் தொடாத பாறைகளை அறுவடை செய்யவும் எந்திரம் வழி திறந்தது. சில ஆண்டுகளுக்குள் எந்திரப் படகுகள் நூற்றுக்கணக்கில் பெருகி, கிரேக்கக் கடலைக் கடந்து லிபியா, துனீசியா, எகிப்துக் கரைகள் வரை சென்றன.

எந்திரத்தினுள் நிகழ்வது என்ன என்பதை இங்கு விளக்குவது தேவை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 40 மீட்டரில் உடலைச் சூழ்ந்திருப்பது தரையிலுள்ளதைப்போல் ஐந்து மடங்கு அழுத்தம். அங்கு மார்பு விரிந்து மூச்சு வாங்க வேண்டுமானால், உள்ளே வரும் காற்றும் அதே ஐந்து மடங்கு அழுத்தத்தில் இருந்தாக வேண்டும். பம்பைச் சுற்றுவோர் செய்வது அதுவே. ஒரு திரவத்தில் கரையும் வளியின் அளவு அதன் மேல் உள்ள அழுத்தத்துக்கு ஏற்பக் கூடும் என்று வில்லியம் ஹென்றி 1803இல் நிறுவியிருந்தார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும் நைட்ரஜனை உடல் எதற்கும் செலவிடுவதில்லை. அது குருதியில் கரைந்து, அங்கிருந்து தசைக்கும் மூட்டுக்கும் கொழுப்புக்கும் சென்று சேர்ந்து, கீழே இருக்கும் நேரம் நீள நீளத் தேங்குகிறது. கொழுப்பு, நீரைவிடப் பல மடங்கு நைட்ரஜனை ஏற்கும். தண்டுவடத்தின் நரம்பு உறையோ கொழுப்பு மிக்கது. மெதுவாக ஏறினால் கரைந்தது எல்லாம் குருதிக்குத் திரும்பி நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், கோலி சோடாவின் கோலியை உள்ளே தட்டியதும் அதுவரை தெளிந்திருந்த நீர் பொங்குவதைப்போல, திசுக்களிலும் நரம்பைச் சுற்றியும் குருதிக் குழாய்களிலும் குமிழிகள் எழும். இதுவே அழுத்தநீக்க நோய். குமிழி மூட்டில் நின்றால் முழங்கையும் தோளும் முழங்காலும் எலும்பு முறிந்ததுபோல் வலிக்கும். தோலில் நின்றால் அரிப்பெடுக்கும். நுரையீரலில் திரண்டால் மூச்சு முட்டி உயிர் போகும். தண்டுவடத்தில் நின்றால் இடுப்புக்குக் கீழ் உணர்வு போய்விடும்.

நோயின் கொடுமை அது வந்து சேரும் நேரத்தில் இருந்தது. குளிப்பவர் கீழே இருக்கும் வரை அவருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல வேட்டை கிடைத்த நிறைவோடு ஏறிவருவார். தலைக்கவசத்தின் திருகுகளைக் கழற்றியதும் பேசுவார், சிரிப்பார், சுருட்டுப் பற்றவைப்பார். அது புகைந்து முடிவதற்குள் வயிற்றைச் சுற்றி ஒரு கச்சை இறுகுவதுபோன்ற வலி தோன்றும். பிறகு உள்ளங்கால் மரக்கும். எழ முயலும்போது கால் இருக்குமிடம் தெரியாமல் விழுவார். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ளும், சிலருக்குப் பல மணி நேரம் கழித்தும் இது நிகழ்ந்தது. உடனே இறக்காதவர்களுள் பலர், சிறுநீர் கழிக்க இயலாமையாலும் படுக்கைப் புண்ணாலும் நஞ்சேறிச் சில மாதங்களில் இறந்தனர். மருத்துவர் இல்லாத ஆப்பிரிக்கக் கரைகளில், கால் விழுந்துபோனவரைக் கழுத்து வரை சூடான மணலில் புதைத்து வைப்பதே படகினர் அறிந்த சிகிச்சையாக இருந்தது. 1867ஆம் ஆண்டு ஆங்கிலேய எந்திரங்களை அணிந்து குளித்த 24 பேரில் 10 பேர் இறந்ததைப் பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் லெருவா தெ மெரிக்கூர் எழுதிவைத்தார். சில ஆண்டுகளில் அல்ஃபோன்ஸ் கால் என்னும் மருத்துவர் ஏஜியன் குளிப்பாளரிடையே நேரில் ஆராய்ந்து 1872இல் தமது ஆய்வேட்டை வெளியிட்டார்.

இந்நோய் அறியப்படாத ஒன்றாக இருந்ததால்தான் இத்தனை பேர் அழிந்தார்கள் என்று கருதுவது எளிது. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அக்கருத்து நிற்காது. ராபர்ட் பாயில், காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கலத்தினுள் வைத்த விரியன் பாம்பின் கண்ணில் ஒரு குமிழி அசைவதைக் கண்டு 1670இலேயே வெளியிட்டார். 1839 முதல் 1843 வரை ஸ்பிட்ஹெட்டில் ராயல் ஜார்ஜ் கப்பலின் சிதைவை அகற்றிய கர்னல் பாஸ்லி, தம் குளிப்பாளருள் ஒருவரும் மூட்டுவாதத்துக்கும் சளிக்கும் தப்பவில்லை என்று குறித்தார். அவர் மூட்டுவாதம் என்று எண்ணியது பெரும்பாலும் இந்நோயே. 1841இல் பிரான்சில் லுவார் ஆற்றங்கரை நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் புகாதிருக்க அழுத்தக் காற்றடைத்த இரும்புக் கூண்டைப் பயன்படுத்திய பொறியாளர் திரிஜே, வெளியே வந்த தொழிலாளர் இருவருக்கு மூட்டுவலி கண்டதைச் சொன்னார். போல், வாத்தெல் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்கள் 1854இல் வெளியிட்ட அறிக்கையோ சிகிச்சையின் வாசலையே தொட்டுவிட்டது: அழுத்தத்துக்குள் நுழைவதில் தீங்கில்லை, வெளியே வருவதில்தான் தீங்கு, மீண்டும் அழுத்தத்துக்குள் அனுப்பினால் வலி தணிகிறது. சிமியில் முதல் எந்திரம் இறங்குவதற்கு முன்னரே இவ்வளவும் அச்சேறியிருந்தது.

ஏஜியனில் எந்திரம் பரவிய அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தின் அடித்தளத்துக்காக, ஆற்றுப் படுகையில் இறக்கப்பட்ட பெரும் மரப்பெட்டிகளுக்குள் அழுத்தக் காற்றில் கூலியாட்கள் மண் தோண்டினர். கெய்சன் எனப்பட்ட அப்பெட்டிகளின் பெயராலேயே மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் இதனைக் கெய்சன் நோய் என்றழைத்தார். அவர் கவனித்தவை 110 நோயாளிகள், 3 சாவுகள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் நோயில் விழுந்து, பாலம் முடியும் வரை சன்னலருகே படுக்கையிலிருந்தபடி, மனைவி எமிலி வழியே பணியை நடத்த வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு மே மாதம் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்து கேட்டது, நான்கு மணி நேர வேலைக்கு 3 டாலர். நோயுற்றவரைக் காற்றழுத்தக் கூடத்தில் மீண்டும் வைத்துக் குணப்படுத்தலாம் என்று ஸ்மித் எழுதினார். ஆனால் அவர் காலத்தில் அத்தகைய கூடம் அங்கு எழுப்பப்படவில்லை. 1878இல் உடலியல் அறிஞர் பால் பேர், விலங்குகளிடம் செய்த நூற்றுக்கணக்கான சோதனைகளின் முடிவாக, குமிழி நைட்ரஜனே என்றும் மெதுவாக அழுத்தத்தைக் குறைப்பதே தடுப்பு என்றும் தம் பெருநூலில் நிறுவினார். 1889இல் ஹட்சன் ஆற்றுச் சுரங்கப் பணியை ஏற்ற எர்னெஸ்ட் மாயர், ஆண்டுக்கு நால்வரில் ஒருவர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் ஓர் அழுத்தக் கூடத்தை நிறுவியதும், அடுத்த 15 மாதங்களில் 120 பேரில் இறந்தோர் இருவராகக் குறைந்தனர்.

அப்படியிருக்க, கலிம்னோஸ் படகுகளில் ஏன் எதுவும் மாறவில்லை என்பதே இவ்வரலாற்றின் நடுக்கேள்வி. அதற்கு விடை மருத்துவ நூல்களில் இல்லை. படகின் கணக்கேட்டில் இருக்கிறது. ஈஸ்டர் பண்டிகைக்குப் பின் புறப்பட்டு இலையுதிர் காலத்தில் திரும்பும் ஏறத்தாழ ஆறு மாதப் பயணத்துக்கு முன், குளிப்பவருக்கு பிளாத்திகா எனப்படும் முன்பணம் கொடுக்கப்பட்டது. அதில் பாதி பழைய கடனுக்குப் போகும். மீதி குடும்பத்தின் ஆறு மாதச் சோற்றுக்கு. முன்பணம் வாங்கியவர் தம் பங்குக் கடற்பஞ்சை எடுத்து அதனைக் கழித்தாக வேண்டும். கழியாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே முதலாளியிடம் ஏறியாக வேண்டும். தமிழகத்தின் தறிக்கூடங்களிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணம் என்ன செய்யும் என்பதை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அடுத்தது எந்திரத்தின் கணக்கு. விலையுயர்ந்த அவ்வுடை படகு ஒன்றுக்கு ஒன்றோ இரண்டோதான். குளிப்பவரோ பத்துக்கும் மேல். ஒருவர் கழற்றியதை உடனே மற்றவர் அணிந்து, பொழுது விடிந்தது முதல் அடையும் வரை எந்திரம் ஓய்வின்றி இறங்கி ஏறியது. 60 மீட்டர் ஆழத்தில் அரைமணி இருந்தவர் கேடின்றி வெளிவர, இன்றைய கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். அந்த ஒரு மணி நேரத்தில் கடற்பஞ்சு ஒன்றும் வராது. அவருக்குப் பின்னால் முறைக்குக் காத்திருப்பவரின் வேட்டையும் கெடும். பம்பைச் சுற்றுவோரின் கையும் ஓயாது. ஏறிவரும் நேரத்துக்கு யாருடைய கணக்கிலும் வரவு இல்லை. ஆகவே கயிற்றை இழுத்துச் சில நிமிடங்களில் அவரை மேலே கொண்டுவந்தார்கள். கப்பல் தலைவர்கள் எல்லோரையும் கொடியவர்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்களும் வணிகரிடம் கடன் பட்டவர்களே. மனிதர் மாறினாலும் அந்தக் கணக்கு மாறியிருக்காது.

தீவுகள் இதனைப் பேசாமல் ஏற்றுக்கொண்டன என்றும் சொல்ல இயலாது. கல்லோடு குளித்தவர்களும், கணவரையும் மக்களையும் இழந்த பெண்களும் எந்திரத்தை எதிர்த்தனர். அன்று அத்தீவுகளை ஆண்ட ஒட்டோமான் அரசு 1880களில் அதற்குத் தடை விதித்தது. தடை நீடிக்கவில்லை. எந்திரம் இல்லாத படகு, எந்திரம் உள்ள படகோடு சந்தையில் போட்டியிட முடியாது என்பதோடு, எந்திரத்தில் முதல் போட்டவர்கள் ஊரின் செல்வாக்கு மிக்கவர்களாகவும் இருந்தனர். கார்ல் ஃபிளெகல் என்னும் கல்வியாளர் எந்திரத்தை ஒழிப்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் அரசுகளுக்கு மனு எழுதி, 1908இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மீன்வள மாநாட்டில் அதனால் விளையும் கேடுகளைப் பற்றிய கட்டுரையையும் அளித்தார். உயிர்ச்சேதத்தோடு, இளங்கடற்பஞ்சு வரை அறுத்துக் கடலடியை மொட்டையடிப்பதும் அவரது குற்றச்சாட்டில் இருந்தது.

1900ஆம் ஆண்டின் நிகழ்வொன்று, இக்குளிப்பாளரின் பெயரை அவர்கள் எதிர்பாராத துறையில் நிலைநாட்டியது. திமித்ரியோஸ் கோந்தோஸ் தலைமையிலான சிமிப் படகு புயலுக்கு ஒதுங்கி அன்டிகிதிரா தீவருகே நின்றபோது, எந்திரம் அணிந்து இறங்கிய இலியாஸ் ஸ்டாதியாதிஸ், கீழே மனித உடல்களும் குதிரைகளும் குவிந்து கிடப்பதாகச் சொல்லிக்கொண்டு மேலே வந்தார். அவை சிலைகள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பல் ஒன்றின் சரக்கு. கிரேக்க அரசு கடற்படைக் கப்பலை அனுப்ப, அதே சிமிக் குளிப்பாளர்கள் 1901 வரை 45 முதல் 60 மீட்டர் ஆழத்தில் நாளுக்கு இரண்டு முறை, முறைக்கு ஐந்து நிமிட அளவு இறங்கி, வெண்கல இளைஞன் சிலையையும் பளிங்கு உருவங்களையும் கண்ணாடிக் கலங்களையும் அரித்துப்போன ஒரு வெண்கலக் கட்டியையும் மேலே அனுப்பினர். அக்கட்டிக்குள் பற்சக்கரங்கள் இருப்பதை 1902இல் வலேரியோஸ் ஸ்தாயிஸ் கவனித்தார். கோள்களின் ஓட்டத்தைக் கணிக்கும் அன்டிகிதிராக் கருவி என்று இன்று உலகம் வியப்பது அதுவே. அதனைப் பற்றிய நூல்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை, அதனை எடுத்தவர்களுள் ஒருவர் இறந்ததையும் இருவர் வாதத்தால் முடங்கியதையும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் அப்பச்சை நிறத் துண்டுகளின் முன் நிற்போர், அம்மூவரையும் சேர்த்தே நினைக்க வேண்டியது முறை.

முறையான தடுப்பு வழி உருவானது அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்தான். பிரிட்டிஷ் கடற்படை 1905இல் அமைத்த ஆழ்கடல் குளிப்புக் குழுவில் இடம்பெற்ற உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன், லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் எஃகுக் கலத்தில் ஆடுகளை அடைத்து அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். எலியும் முயலும் சிறியவை; அவற்றின் உடலில் வளி விரைவில் வெளியேறிவிடும். ஆடு மனிதருக்கு ஓரளவு நெருங்கிய எடை கொண்டது. அதோடு அதன் வலி கண்ணுக்குத் தெரியும். கலத்தைத் திறந்து விட்டதும் தரையில் ஊன்றாமல் ஒரு முன்னங்காலை மடித்துத் தூக்கி நிற்கும் ஆட்டைக் கண்டால், மூட்டில் குமிழி இருக்கிறது என்று ஹால்டேனும் அவருடன் பணியாற்றிய பாய்காட்டும் டாமன்டும் குறித்துக்கொண்டனர். அதுவரை பரிந்துரைக்கப்பட்டது ஒரே சீராக மெல்ல ஏறுவது. அம்முறையில் ஏறுபவர், ஆழத்தில் இருக்கும் முதல் கட்டத்தில் மேலும் நைட்ரஜனை ஏற்றுக்கொண்டேயிருப்பார் என்பதை ஹால்டேன் கண்டார். அழுத்தம் பாதியாகக் குறையும்வரை உடல் தாங்கிக்கொள்ளும். ஆகவே முதலில் விரைந்து பாதி அழுத்தத்துக்கு வந்து, பின்னர் படிப்படியாக நின்று நின்று, மேற்பரப்பை நெருங்க நெருங்க நீண்ட நேரம் தங்கி ஏற வேண்டும் என்பதே அவர் வகுத்த நெறி. கடற்படையினரான டாமன்டும் காட்டோவும் 1906இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரைவன் கடற்கழியில் 64 மீட்டர் வரை இறங்கி அந்நெறியைத் தம் உடலிலேயே சோதித்தனர்; 1908இல் அட்டவணைகள் அச்சாயின. இன்று குளிப்போர் கையில் கட்டும் கணினிகள் வரை அதன் வழிவந்தவையே.

கடற்படைகள் அட்டவணையை ஏற்றன. கடற்பஞ்சுப் படகுகள் ஏற்பதற்கு மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. முழு உடைக்குப் பதில் முகமூடியும் குழாயும் மட்டுமே கொண்ட எளிய பெர்னே கருவி வந்த பின்னும், விரைந்து ஏறும் பழக்கம் தொடர்ந்தது. 1960களில் கலிம்னோஸில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் ரசல் பெர்னார்ட், மெல்ல ஏறுவதைக் கோழைத்தனமாக நினைக்கும் மனநிலை இளங்குளிப்பாளரிடம் இருந்ததை விவரித்தார். முன்பணத்தைக் கையில் வாங்கிய இரவே ஊராருக்கு விருந்து வைத்துச் செலவழித்துவிட்டு, ஏறும் நேரத்தைப் பொருட்படுத்தாமல் குளிப்பதே ஆண்மை என்று கருதப்பட்டது. வேறு வழியற்ற நிலையைப் பெருமையாக மாற்றிக்கொள்வது, உயிருக்கு அஞ்ச வேண்டிய தொழில்களில் எங்கும் காணப்படுவதுதான். பின்னர் மேலான பயிற்சியும், ஆக்சிஜன் கொடுத்து மீண்டும் அழுத்தத்தில் வைக்கும் சிகிச்சையும், செயற்கைப் பஞ்சால் சுருங்கிய சந்தையும் சேர்ந்து முடமாவோரைக் குறைத்தன. 1986இல் மத்தியதரைக் கடல் முழுதும் பரவிய கடற்பஞ்சு நோய் தொழிலையே பெரும்பாலும் முடித்துவைத்தது.

அந்தக் கணக்கு மட்டும் வேறு கடல்களுக்குச் சென்றுவிட்டது. மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் கரையில் மிஸ்கிட்டோ பழங்குடியினர், காற்று உருளையைச் சுமந்து சிங்கி இறாலுக்காக ஆழம் இறங்குகின்றனர். கூலி எடைக் கணக்கில் என்பதால் ஒரே நாளில் பத்துக்கும் மேற்பட்ட உருளைகளைத் தீர்ப்பவர்கள் உண்டு. பயிற்சியோ ஆழமானியோ பலருக்குக் கிடையாது. 42 மிஸ்கிட்டோக்களின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், ஹோண்டுராஸ் அரசு தன் பொறுப்பை ஏற்றுக்கொண்டதை அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பாகப் பதிவு செய்தது. அவர்களுள் 34 பேர் குளிப்பு விபத்துகளில் இறந்தோ முடங்கியோ போனவர்கள்.

கலிம்னோஸில் இன்று கடற்பஞ்சுப் படகுகள் சிலவே எஞ்சியுள்ளன. எனினும் திருவிழாக்களில் ஆண்கள் கைகோத்து ஆடும் ஓர் ஆட்டம் உண்டு. எந்திரம் அணிந்து குளித்தவரைக் குறிக்கும் சொல்லாகிய மிகானிகோஸ் என்பதே அதற்கும் பெயர். வரிசையின் தலையில் ஆடுபவர் கையில் கைத்தடி. இசை தொடங்கியதும் அவரது முழங்கால்கள் நடுங்கும், ஒரு பாதம் தரையில் இழுபடும், தடியை ஊன்றி உடலை நிமிர்த்த முயன்று மீண்டும் சரிவார். அவருக்குப் பின்னால் தோளோடு தோள் நிற்கும் இளைஞர்கள் அதே இசைக்குத் தவறாமல் அடி வைத்துக்கொண்டிருப்பார்கள்.